‘எல்லோருக்கும் தெரிந்ததுதான்’ என்பது சான்று ஆகாது

பண்ருட்டியிலிருந்து நெய்வேலிக்குப் போகும் வழியில் இருக்கிறது காடாம்புலியூர். சுற்றிலும் முந்திரிக்காடு, சாலையோரம் முந்திரிக் கடைகள். பருப்பைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சும் ஓட்டில் கறுத்த எண்ணெய் ஒன்று இருக்கிறது. கையில் பட்டால் புண்ணாக்கும். பிரேக் லைனிங், எப்பாக்ஸி பூச்சு, வார்னிஷ் என்று அந்த எண்ணெய் போகும் இடங்கள் பல. இப்போது அதிலிருந்து சூரியனின் புறஊதாக் கதிரை உறிஞ்சும் வேதிப்பொருள்களைச் செய்யும் ஆராய்ச்சியும் வளர்ந்துவிட்டது. ஆராய்ச்சி வளரும் இடத்துக்குக் காப்புரிமை விண்ணப்பமும் வந்து சேரும். அந்த விண்ணப்பங்களை எப்படி எடைபோடுவது என்பதில் முந்திரி விவசாயிகளுக்காகப் பேசுகிறவர்களிடமே ஒரு தவறான வாதம் பரவியிருக்கிறது. அந்த வாதத்துக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன்.

வாதத்தை அதன் முழு வலுவோடு சொல்லிவிடுகிறேன். முந்திரி ஓட்டு எண்ணெய் என்பது பீனால் வகைச் சேர்மங்களின் கலவை. பீனால் புறஊதாக் கதிரை உறிஞ்சும் என்பது கல்லூரிப் பாடம். இந்த எண்ணெயைப் படகிலும் மரத்தூணிலும் பூசி நம் முன்னோர் வெயிலிலிருந்தும் கரையானிலிருந்தும் காத்தார்கள். வார்னிஷில் புறஊதா உறிஞ்சி சேர்ப்பது பல பத்தாண்டு வழக்கம். ஆகவே முந்திரி ஓட்டு எண்ணெயிலிருந்து வெயில் தாங்கும் பூச்சு செய்வது யாருக்கும் எளிதில் தோன்றக்கூடியதே. அதில் புதுமை எதுவும் இல்லை. விண்ணப்பம் எதுவானாலும், யார் போட்டாலும், படிக்காமலே தள்ளுபடி செய்யலாம். காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவும் இதைத்தான் சொல்கிறது. இதுதான் அந்த வாதம்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் வேதியியல் தவறு, சட்டம் தவறு. இரண்டையும் மன்னித்தாலும் மன்னிக்க முடியாத மூன்றாவது தவறு ஒன்றும் உண்டு: யாரைக் காப்பதற்காக இந்த வாதம் சொல்லப்படுகிறதோ, அவர்களுடைய கையிலிருக்கும் ஆயுதத்தையே இது பறித்துவிடுகிறது.

முதலில் வேதியியல். பீனால் புறஊதாக் கதிரை உறிஞ்சும் என்று பொதுவாகச் சொல்வது எதையும் சொல்லாததற்குச் சமம். எந்த அலைநீளத்தில் உறிஞ்சுகிறது என்பதுதான் கேள்வி. ஓசோன் படலம் தடுத்துவிடுவதால், ஏறத்தாழ 290 நானோமீட்டருக்குக் கீழே உள்ள சூரியக் கதிர் தரைக்கு வந்து சேர்வதே இல்லை. பூச்சை வெளுக்க வைப்பதும், வெடிக்க வைப்பதும், மரத்தின் லிக்னினைச் சிதைப்பதும் 290 முதல் 400 நானோமீட்டர் வரையிலான கதிர்கள். ஆலையிலிருந்து வரும் ஓட்டு எண்ணெயின் முக்கியப் பொருளான கார்டனால் போன்ற எளிய பீனால்கள் வலுவாக உறிஞ்சுவதோ 270, 280 நானோமீட்டர் பக்கம். தரைக்கு வராத கதிரை உறிஞ்சும் பொருளைக் காட்டி, தரைக்கு வரும் கதிரைத் தடுப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்று வாதிடுவது அறியாமை.

உறிஞ்சினால் மட்டும் போதாது. உறிஞ்சிய ஆற்றலைத் தன்னைச் சிதைத்துக்கொள்ளாமல் வெப்பமாக வெளியேற்ற வேண்டும்; அதையே ஆண்டுக்கணக்கில், வெயிலிலும் மழையிலும், திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பூச்சுத் தொழிலில் பெயர் பெற்ற உறிஞ்சிகளான ஹைட்ராக்சி பென்சோபீனோன்கள், ஹைட்ராக்சிபீனைல் பென்சோட்ரையசோல்கள், ஹைட்ராக்சிபீனைல் ட்ரையசின்கள் ஆகியவை இதைச் செய்வது ஓர் உள் அமைப்பால்தான். பீனாலின் ஹைட்ராக்சில் குழுவிலுள்ள ஹைட்ரஜன், அருகிலுள்ள ஆக்சிஜன் அல்லது நைட்ரஜன் அணுவோடு மூலக்கூறுக்குள்ளேயே பிணைந்திருக்கிறது. கதிர் பட்டதும் அந்த ஹைட்ரஜன் அடுத்த அணுவுக்குத் தாவுகிறது, ஆற்றல் வெப்பமாக வெளியேறுகிறது, ஹைட்ரஜன் பழைய இடத்துக்குத் திரும்புகிறது. இந்தப் பிணைப்பு இல்லாத பீனால், வெயிலில் தானே ஆக்சிஜனேற்றம் அடைந்து கறுக்கும். காப்பாற்ற வந்த பொருளே கெட்டுப்போகும்.

இனி முன்னோர் பூசிய எண்ணெய்க்கு வருவோம். முந்திரி ஓட்டில் இயற்கையாக இருக்கும் எண்ணெயில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் அனகார்டிக் அமிலம். சாலிசிலிக் அமில வகையைச் சேர்ந்த அந்தச் சேர்மத்தில் மேலே சொன்ன உள் ஹைட்ரஜன் பிணைப்பு உண்டு. ஆனால் கொட்டையை வறுக்கும்போதும், பின்னர் வணிகத்துக்காக எண்ணெயைக் கொதிக்க வைக்கும்போதும், அந்த அமிலம் கரியமில வாயுவை இழந்து கார்டனாலாக மாறுகிறது. சந்தைக்கு வரும் எண்ணெயில் பெரும்பங்கு கார்டனால். அதாவது வெயிலைத் தாங்கப் பயன்பட்டிருக்கக்கூடிய அமைப்பைச் சூடு அழித்துவிடுகிறது. படகில் பூசிய எண்ணெய் உதவவில்லை என்று நான் சொல்லவில்லை. அதன் நீண்ட பக்கச் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகள் காற்றில் இறுகி ஒரு படலமாகின்றன. அந்தப் படலம் தண்ணீரைத் தடுக்கும். அதன் நச்சுத்தன்மை பூச்சியையும் கரையானையும் தடுக்கும். கறுத்த நிறமே கொஞ்சம் ஒளியை மறைக்கும். இவை உண்மையான அறிவு, மதிக்க வேண்டிய அறிவு. ஆனால் காரின் மேற்பூச்சிலோ மரச்சாமானின் வார்னிஷிலோ தேவைப்படும் நிறமற்ற, மஞ்சளாகாத, கதிரை மட்டும் உறிஞ்சும் மூலக்கூறை எப்படிச் செய்வது என்று அந்தக் கறுப்புப் பூச்சு எவருக்கும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தராத ஒன்றை அதன்மேல் ஏற்றிச் சொல்வது முன்னோரின் அறிவுக்குச் செய்யும் மரியாதை இல்லை.

‘சரி, பென்சோட்ரையசோல் உறிஞ்சியும் தெரிந்தது, கார்டனாலும் தெரிந்தது, இரண்டையும் இணைப்பதில் என்ன கண்டுபிடிப்பு?’ என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குச் சட்டத்தைத் திறப்பதற்கு முன்பே ஆய்வகம் பதில் சொல்லிவிடும். பென்சோட்ரையசோல் உறிஞ்சிகளை வழக்கமாகச் செய்யும் முறை எளியது: ஆர்த்தோ நைட்ரோ அனிலினை டயசோ ஆக்கி, ஒரு பீனாலோடு இணைத்து, பிறகு ஒடுக்கி வளையமாக்குவார்கள். டயசோ குழு ஹைட்ராக்சிலுக்குப் பக்கத்து இடத்தில், அதாவது ஆர்த்தோவில், ஒட்டினால்தான் உள் ஹைட்ரஜன் பிணைப்பு அமையும். ஆனால் டயசோ குழு இயல்பாக விரும்பும் இடம் ஹைட்ராக்சிலுக்கு நேர் எதிரே இருக்கும் பாரா. அதனால்தான் தொழிலில் பாரா கிரெசால், பாரா ஆக்டைல் பீனால் போன்றவற்றை எடுத்துக்கொள்கிறார்கள். அவற்றில் பாரா இடம் ஏற்கெனவே அடைக்கப்பட்டிருப்பதால் டயசோ குழு ஆர்த்தோவுக்குப் போயே ஆகவேண்டும். கார்டனாலில் பதினைந்து கார்பன் சங்கிலி இருப்பது ஆர்த்தோவுக்கும் பாராவுக்கும் இடையிலான மெட்டாவில். பாரா இடம் திறந்தே கிடக்கிறது. வழக்கமான முறையை அப்படியே கார்டனாலில் செய்தால் டயசோ குழு பாராவில் போய் உட்காரும். கிடைப்பது நிறமுள்ள ஒரு சாயம். புறஊதா உறிஞ்சி கிடைக்காது. ஆக, கையேட்டைப் பின்பற்றும் சராசரி வேதியியலாளர் தவறான பொருளைத்தான் அடைவார். அங்கிருந்து சரியான பொருளுக்கு ஒருவர் வழி கண்டுபிடித்தால், அந்த வழி எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது என்று எந்த முகத்தோடு சொல்வது?

விடை தெரிந்தவனுக்கு விடுகதை எப்போதும் எளிதுதான். காப்புரிமை விண்ணப்பத்தைப் படித்து முடித்துவிட்டு, ‘இது எனக்கு முன்பே தோன்றியிருக்கும்’ என்று சொல்வது அப்படிப்பட்டது. உலகின் காப்புரிமை நீதிமன்றங்கள் இந்தப் பின்னோக்குப் பார்வையோடுதான் பல பத்தாண்டுகளாகப் போராடி வந்திருக்கின்றன.

நம் சட்டத்தில் கண்டுபிடிப்புத் திறனை வரையறுக்கும் 2(1)(ஜேஏ) பிரிவு கேட்பது இரண்டு: முன்பிருந்த அறிவோடு ஒப்பிடும்போது தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இரண்டுமோ இருக்க வேண்டும், அத்துடன், அத்துறையில் திறன் பெற்றவருக்கு எளிதில் தோன்றாததாக இருக்க வேண்டும். இந்தத் திறன் பெற்றவர் யார், எந்த நாளில் நின்று பார்க்கிறார், என்ன சிக்கலோடு பார்க்கிறார் என்பவை தீர்மானிக்கப்படாமல் இந்தப் பிரிவைத் தொடவே முடியாது. ரோஷ் நிறுவனத்துக்கும் சிப்லாவுக்கும் இடையிலான வழக்கில் 2015இல் தில்லி உயர்நீதிமன்ற அமர்வு இதைப் படிப்படியாக வகுத்துக் கொடுத்தது. திறன் பெற்றவரை அடையாளம் காண். கண்டுபிடிப்பின் கருவை அடையாளம் காண். முன்னுரிமைத் தேதியில் அவருக்கு இருந்த பொது அறிவை அவரிடம் கொடு. முந்தைய அறிவுக்கும் கண்டுபிடிப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் காண். பின்னோக்குப் பார்வையை விலக்கி, அந்த வேறுபாடு அவருக்கு எளிதில் தோன்றியிருக்குமா என்று முடிவு செய். நாம் விவாதிக்கும் வாதம் இதில் எந்தப் படியிலும் கால் வைக்கவில்லை. கண்டுபிடிப்பின் கருவைப் படிக்காமலே தள்ளுபடி செய்யலாம் என்கிற வாதம் எந்த வேறுபாட்டைக் காணும்?

உச்ச நீதிமன்றத்தின் பிஸ்வநாத் பிரசாத் வழக்கைத் தங்கள் துணைக்கு அழைக்கிறார்கள். மிர்சாபூரில் பாத்திரம் செய்யும் தொழிலில், கடைசல் எந்திரத்தில் பாத்திரத்தைப் பிடித்து நிறுத்தும் ஒரு கருவிக்கு 1951ஆம் ஆண்டுத் தேதியிட்ட காப்புரிமை இருந்தது. 1978இல் உச்ச நீதிமன்றம் அது பட்டறையில் செய்யும் சிறு மேம்பாடு மட்டுமே என்று கூறி, காப்புரிமையை ரத்து செய்த தீர்ப்பை மீட்டது. ‘பார், சின்ன மாற்றத்துக்குக் காப்புரிமை இல்லை’ என்று இதைக் காட்டுகிறார்கள். தீர்ப்பைப் படித்தவர்கள் இப்படிச் சொல்லமாட்டார்கள். நீதிமன்றம் கருவியைப் பார்த்ததும் ‘இது எளிது’ என்று ஒதுக்கிவிடவில்லை. அந்தக் கருவி பல பத்தாண்டுகளாகத் தெரிந்த பழைய அமைப்பின் சற்றே மாறிய பயன்பாடு என்று சாட்சியங்களிலிருந்து கண்டது. அதோடு ஓர் அளவுகோலையும் தந்தது: பழைய ஆவணத்தை, கண்டுபிடிப்பைப் பற்றி எதுவும் அறியாத, ஆனால் அதே சிக்கலை எதிர்கொண்டிருக்கும் திறமையான கைவினைஞர் ஒருவரிடம் கொடுத்திருந்தால், ‘எனக்கு வேண்டியது இதில் இருக்கிறது’ என்று அவர் சொல்லியிருப்பாரா? இந்த அளவுகோல் ஆவணத்தைக் கேட்கிறது, கைவினைஞரைக் கேட்கிறது, சிக்கலைக் கேட்கிறது. கூச்சலைக் கேட்கவில்லை.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2007ஆம் ஆண்டு கேஎஸ்ஆர் தீர்ப்பையும் அரைகுறையாக எடுத்துவருகிறார்கள். திறன் பெற்றவர் எந்திரம் போன்றவர் இல்லை, சாதாரணப் படைப்பாற்றல் உள்ளவர் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது உண்மை. தெரிந்த கூறுகளை இணைப்பதில் எதிர்பார்த்த விளைவே கிடைத்தால் காப்புரிமை இல்லை என்று சொன்னதும் உண்மை. ஆனால் அதே தீர்ப்பு, இணைத்துப் பார்க்கக் காரணம் என்ன என்பதைத் தெளிவாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்றும், வெறும் முடிவுரைகளால் நிராகரிக்கக் கூடாது என்றும் சொன்னது. ‘முயன்று பார்க்கலாம்’ என்பது எண்ணிக்கையில் குறைந்த, முன்கூட்டி விளைவு கணிக்கக்கூடிய வழிகள் இருக்கும்போதுதான் செல்லும். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகமும் இதையே வேறு முறையில் கேட்கிறது: அவர் அதைச் செய்திருக்க முடியுமா என்பது போதாது, செய்திருப்பாரா என்பதே கேள்வி. டயசோ குழு தவறான இடத்துக்குப் போகும் ஓர் அமைப்பில், விளைவு கணிக்கக்கூடியது என்று எப்படிச் சொல்வது?

அடுத்து, தெரிந்த பொருளின் இன்னொரு வடிவத்துக்கு, செயல்திறன் கணிசமாக மேம்படாவிட்டால், காப்புரிமை இல்லை என்னும் 3(டி). இந்தப் பிரிவைப் பற்றிச் சென்னைக்குத் தெரியாததா? நோவார்டிஸ் நிறுவனத்தின் புற்றுநோய் மருந்து விண்ணப்பத்தை 2006 ஜனவரியில் நிராகரித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். அந்தப் பிரிவு அரசமைப்புக்கு எதிரானது என்ற வாதத்தை 2007இல் தள்ளியது சென்னை உயர்நீதிமன்றம். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் நோவார்டிஸின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஏழை நோயாளிகளுக்குக் கிடைத்த அந்த வெற்றியை நானும் கொண்டாடுகிறேன். ஆனால் வெற்றி எப்படி வந்தது? ‘இது தெரிந்த பொருளின் இன்னொரு வடிவம்’ என்பதோடு நீதிமன்றம் நின்றுவிடவில்லை. தெரிந்த பொருளைவிடச் செயல்திறன் கணிசமாக மேம்பட்டதா என்று கேட்டது. உடலில் உறிஞ்சப்படும் அளவு 30 விழுக்காடு கூடியது என்ற தரவை எடுத்துப் பார்த்தது. மருந்தின் நோய் தீர்க்கும் திறன் கூடியதற்கு அது சான்று ஆகவில்லை என்று முடிவு செய்தது. தரவைப் பார்த்து எடுத்த முடிவு அது. 3(டி) பிரிவிலேயே செயல்திறன் வேறுபாட்டுக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. மேற்பூச்சு உறிஞ்சிக்கும் அந்தக் கதவு உண்டு: எவ்வளவு காலம் பளபளப்பு குறையாமல் காத்தது, எவ்வளவு நிறமாற்றத்தைத் தடுத்தது, மழையில் எவ்வளவு கரைந்து போனது என்பவைதான் அங்கே செயல்திறன். இவற்றை அளக்கச் செனான் விளக்குச் சோதனைகள் இருக்கின்றன, புறஊதா விளக்கும் ஈரமும் மாறி மாறித் தரும் சோதனைப் பெட்டிகள் இருக்கின்றன. எண்ணைப் பார்க்காமல் பிரிவின் எண்ணை மட்டும் உச்சரிப்பது சட்ட வாதம் ஆகாது.

மரபறிவைப் பற்றிய 3(பி) பிரிவும் அப்படித்தான். மரபாக அறியப்பட்ட பொருளின் தெரிந்த பண்புகளை அப்படியே அடுக்கிவைப்பதற்குக் காப்புரிமை கூடாது என்கிறது அது. சரியான சட்டம். ஆனால் மரபறிவு என்ன சொன்னது என்பதை முதலில் நிறுவ வேண்டும். மஞ்சள் வழக்கை நினைத்துப் பாருங்கள். காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு அமெரிக்காவில் 1995இல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கிடைத்தது. 1997இல் அது ரத்தானது. நம் பாட்டிமார்களுக்குத் தெரியும் என்ற ஒரு வரியால் அது ரத்தாகவில்லை. அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் 32 சான்றாதாரங்களைத் தேடியெடுத்துக் கொடுத்தது. பழைய நூல்களும் அச்சிட்ட ஆய்வுக் கட்டுரைகளும் அவற்றில் இருந்தன. அங்கே தோற்றது புதுமை, இங்கே நாம் பேசுவது கண்டுபிடிப்புத் திறன். ஆனால் பாடம் ஒன்றே. வேப்பெண்ணெய்ப் பூஞ்சைக்கொல்லிக்கு டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும் அமெரிக்க வேளாண் துறையும் பெற்ற ஐரோப்பியக் காப்புரிமைக்கும் அதுவே நடந்தது. இந்தியாவில் அதே முறையை முன்பே கையாண்ட தொழில்துறையைச் சேர்ந்த ஒருவர் சாட்சியம் சொன்னார். 2000இல் காப்புரிமை ரத்தானது; 2005இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. ஓர் ஆலையில் நடந்த வேலையும் சான்றாக முடியும். ஆனால் அது நடந்தது என்று காட்ட வேண்டும்.

இந்த இடத்தில்தான் என் கோபத்தின் காரணம் இருக்கிறது. முந்திரி ஓட்டு எண்ணெயிலிருந்து புறஊதா உறிஞ்சிகள் செய்யலாம் என்று 2019இல் தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகமும் ஜெர்மனி, மலாவி, தான்சானியா நாடுகளின் ஆய்வாளர்களும் சேர்ந்து அச்சிட்டு வெளியிட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு வரும் எந்த விண்ணப்பமும், ‘முந்திரி ஓட்டு எண்ணெயிலிருந்து புறஊதா உறிஞ்சி’ என்று பொதுவாக உரிமை கோரினால், அந்தக் கட்டுரை ஒன்றே அந்த அகன்ற கோரலை அசைக்கும். தேதி உண்டு, அச்சு உண்டு, செய்முறை உண்டு. விவசாயிகளின் பேரில் பேசுகிறவர்கள் எடுத்து வைத்திருக்க வேண்டிய முதல் தாள் அது. அதை விட்டுவிட்டு, எந்த அலைநீளத்தைப் பற்றியும் எதுவும் சொல்லாத படகுப் பூச்சைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். கையில் இருந்த வாளை உறையிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு களத்துக்குப் போகச் சொல்கிறது இந்த வாதம்.

இதே கட்டுரை இன்னொன்றையும் காட்டுகிறது. 2019க்கு முன் ஒருவர் போட்ட விண்ணப்பத்துக்கும் பின் போட்ட விண்ணப்பத்துக்கும் ஒரே பதில் இருக்க முடியாது. நேற்று எளிதில் தோன்றாதது இன்று தோன்றலாம். தேதியில்லாமல் ‘எல்லோருக்கும் தெரியும்’ என்று சொல்கிறவர், எப்போதிலிருந்து தெரியும் என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்கவில்லை. காப்புரிமைச் சட்டம் முழுவதும் அந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது.

இனி, எந்த விண்ணப்பங்கள் தள்ளுபடியாக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முந்திரி ஓட்டு எண்ணெயிலிருந்து வரும் எந்தப் பீனாலையும், எந்தப் பூச்சிலும், எந்த அளவிலும் சேர்ப்பது என்று உலகத்தையே வளைத்துப் போடும் கோரல்கள் தள்ளுபடியாக வேண்டும். புறஊதா உறிஞ்சியோடு தடைபட்ட அமீன் நிலைப்படுத்தியைச் சேர்ப்பது பூச்சுத் தொழிலில் பல பத்தாண்டு வழக்கம். அதையே புதிதாகச் சொல்லும் கோரல் தள்ளுபடியாக வேண்டும். தெரிந்த உறிஞ்சியில் ஒரு கிளைச் சங்கிலியைத் தெரிந்த இன்னொரு கிளைச் சங்கிலியால் மாற்றி, எதிர்பார்த்த பலனையே காட்டும் விண்ணப்பம் தள்ளுபடியாக வேண்டும். உறிஞ்சியே இல்லாத பலகையோடு மட்டும் ஒப்பிட்டு, மிக நெருங்கிய பழைய உறிஞ்சியோடு ஒப்பிடாமல் ‘சிறந்தது’ என்று மார்தட்டும் விண்ணப்பத்தை நம்பக் கூடாது. வெறும் கலவைக்குக் கூட்டுவிளைவு காட்டாவிட்டால் 3(இ) பிரிவு போதும். இவை எல்லாவற்றுக்கும் காரணம் சொல்ல முடியும், சான்று காட்ட முடியும். அதனால்தான் இவை நிற்கும்.

காரணம் சொல்லாத நிராகரிப்பு நிற்காது. 2022இல் அக்ரிபோர்டு வழக்கில் தில்லி உயர்நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: முந்தைய அறிவு என்ன, விண்ணப்பத்தின் கண்டுபிடிப்பு என்ன, முந்தையதிலிருந்து பிந்தையது எப்படி எளிதில் தோன்றும் என்ற மூன்றையும் காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் தம் ஆணையில் விவாதிக்க வேண்டும். அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட்டபின், சென்னை அலுவலகத்தின் ஆணைகளுக்கு மேல்முறையீடு சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போகிறது. விவாதமில்லாத ஆணை அங்கிருந்து மறுபரிசீலனைக்குத் திரும்பும். பெரிய நிறுவனங்களிடம் மேல்முறையீட்டுக்குப் பணம் இருக்கிறது, வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். கண்மூடித் தள்ளுபடி செய்த ஆணையை உடைத்துக்கொண்டு அவர்கள் வெளியே வந்துவிடுவார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்தில் ஓர் இளம் ஆய்வாளரோ, பண்ருட்டிப் பக்கம் ஒரு சிறு எண்ணெய் ஆலைக்காரரோ உண்மையிலேயே ஒரு புது உறிஞ்சியைச் செய்து விண்ணப்பித்தால், அதே தள்ளுபடி அவர்களை அங்கேயே நிறுத்திவிடும். எல்லாமே எளிது என்ற அளவுகோல் முதலில் அடிப்பது நம் ஊர்க்காரரைத்தான்.

இந்த வாதத்துக்குப் பின்னால் இருக்கும் மனக்குமுறலை நான் அறியாதவன் இல்லை. கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களை இந்த எண்ணெய் அரித்திருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்த மண்ணின் முந்திரி மரங்களைச் சாய்த்துப் போட்டது. ஓட்டை மலிவாக விற்கும் ஊருக்கு, அதிலிருந்து செய்த மூலக்கூறு வெளிநாட்டுக் காப்புரிமையோடு திரும்பி வந்தால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அந்தக் கோபத்துக்கான சட்டம் வேறு. 2002ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, இந்தியாவிலிருந்து பெற்ற உயிரியல் வளத்தின் மேல் அமைந்த கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கேட்பவரைத் தேசிய உயிரியல் பல்வகைமை ஆணையத்திடம் போகச் சொல்கிறது. அந்த ஆணையத்தின் தலைமையகம் சென்னையிலேயே இருக்கிறது. பலனைப் பகிர்வதற்கான நிபந்தனைகளை விதிக்கும் அதிகாரமும் அதற்கு உண்டு. காப்புரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, உயிரியல் பொருளின் மூலத்தையும் அது வந்த இடத்தையும் விண்ணப்பத்தில் சொல்லக் கட்டாயப்படுத்துகிறது. பங்கு கேட்க வேண்டிய இடத்தில் பங்கு கேட்காமல், ‘இதில் கண்டுபிடிப்பே இல்லை’ என்று வேதியியலைப் பொய்யாக்குவதால் உடைக்கும் பெண்ணின் கைக்கு ஒரு ரூபாயும் வராது.

இந்த விண்ணப்பங்களைச் சரியாக எடைபோடுவது சிறிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். பென்சோட்ரையசோல் வகையைச் சேர்ந்த யூவி-328 என்ற உறிஞ்சி, சூழலில் சிதையாமல் தங்கி உயிர்களில் சேர்வதால், 2023இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. பழைய உறிஞ்சிகளுக்கு மாற்றுத் தேடும் காலம் இது. பெட்ரோலியத்திலிருந்து வராத, வீணாகும் ஓட்டிலிருந்து வரும் மாற்றுகளுக்கு விண்ணப்பங்கள் வரும். சில உண்மையான கண்டுபிடிப்புகளாக இருக்கும். சில வெறும் நில ஆக்கிரமிப்பாக இருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்களே காடாம்புலியூருக்குத் தேவை. எல்லாவற்றையும் ஒரே வாயால் எளிது என்று சொல்பவர்கள் அந்த வேலைக்கு உதவமாட்டார்கள்.

முந்திரித் தொழிலில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. உங்கள் ஆலையில் எண்ணெயை எந்தச் சூட்டில் காய்ச்சுகிறீர்கள், யாருக்கு எந்தப் பூச்சுக்காக விற்கிறீர்கள், வெயிலில் வைத்த பலகை என்ன ஆனது என்பவற்றைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். முடிந்தால் அச்சில் வெளியிடுங்கள். விண்ணப்பம் வெளியானதும், காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன்பே, 25(1) பிரிவின்கீழ் எதிர்ப்பு தெரிவிக்கும் உரிமை யாருக்கும் உண்டு. வழங்கப்பட்ட பிறகும், பாதிக்கப்படுபவர்களுக்கு ஓராண்டு அவகாசம் உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்துங்கள். ஆனால் சென்னை கிண்டியில் இருக்கும் அலுவலகத்துக்குப் போகும்போது, ‘இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்’ என்ற வாக்கியத்தோடு போகாதீர்கள். தேதியிட்ட ஒரு தாளோடு போங்கள்.